தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் அட்டை

புது மடிக்கணினியில் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் ஒன்றை நிறுவி முடித்தாயிற்று. திரை ஒளிர்கிறது, வைஃபை இணைகிறது, தொடுபலகை விரலுக்குப் பணிகிறது. பாட்டு ஒன்றை ஓடவிட்டால் மட்டும் சத்தத்தைக் காணோம். அமைப்புகளில் ஒலிக்கான பகுதியைத் திறந்தால் ‘டம்மி அவுட்புட்’ என்று ஒரே ஒரு வரி நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒலிக்கருவி எதுவும் இந்தப் பெட்டியில் இல்லை, வருகிற ஒலியைக் கொட்டிவிட ஒரு பள்ளம் மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன் என்று கணினி சொல்வதாக அதை வாசிக்க வேண்டும். அதே மடிக்கணினியின் யுஎஸ்பி துளையில், கடைத்தெருவில் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கட்டைவிரல் அளவு ஒலி அட்டை ஒன்றைச் செருகினால், பெரும்பாலும் இரண்டு மூன்று வினாடிக்குள் பாட்டு கேட்கத் தொடங்கிவிடும். குறுந்தகடு வேண்டாம், பதிவிறக்கம் வேண்டாம், கணினியை அணைத்துப் போடவும் வேண்டாம். மடிக்கணினிக்குள்ளேயே பற்றவைத்திருக்கும் விலையுயர்ந்த ஒலிச்சுற்று ஊமையாக இருக்க, இந்தச் சில்லறைச் சாமான் பேசுகிறது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் இப்படி நடப்பதற்குக் காரணம் உண்டு. அந்த அட்டை மலிவாக இருந்தும் வேலை செய்கிறது என்பதைவிட, மலிவாக இருப்பதால்தான் வேலை செய்கிறது என்பதே உண்மைக்கு அருகில் வரும்.

ஒலி அட்டையின் வேலை என்னவென்று பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு காதுக்கு வினாடிக்கு 48,000 எண்கள் வீதம் கணினியிலிருந்து வருகின்றன. ஒவ்வோர் எண்ணும் 65,536 படிகளில் ஏதோ ஒன்றைக் குறிக்கும் 16 பிட் எண். அட்டை அந்த எண்களை அதே வேகத்தில் மின்னழுத்தமாக மாற்றிக் கம்பியில் விடுகிறது. மைக் பக்கத்தில் இதே வேலை தலைகீழாக நடக்கிறது. எண்ணை மின்னழுத்தமாக்கும் வித்தை 1980களில் குறுந்தகடு இயக்கிகள் வந்தபோதே கைகூடிவிட்டது. இன்று அதற்கான சில்லைச் செய்வது பெரிய சாதனை இல்லை. கடினமான இடம் வேறு. எதிரே இருப்பது எந்த அட்டை, அதனிடம் எத்தனை வாய் இருக்கிறது, எந்த வேகத்தில் ஊட்டினால் விழுங்கும், ஒலியளவை எந்தக் கட்டளையால் கூட்டுவது என்பதெல்லாம் இயங்குதளத்துக்குத் தெரிந்தாக வேண்டும். விண்டோஸுக்கு அதை அட்டை தயாரித்தவரே டிரைவர் எழுதிச் சொல்லிவிடுகிறார். திறமூல இயங்குதளங்களான லினக்ஸுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் அப்படிச் சொல்லப் பெரும்பாலும் ஆள் இல்லை. அதனால் அங்கே ஓர் அட்டையின் தலைவிதியைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கேள்விதான்: எல்லாருக்கும் தெரிந்த மொழியில் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ள அதற்குத் தெரியுமா?

பழைய அட்டைகளுக்குத் தெரியாது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்ட காலத்தில், கணினியின் ஐஎஸ்ஏ பலகையில் செருகிய அட்டை வாய் திறந்து தன் பெயரைக்கூடச் சொல்லாது. முகவரி 220, குறுக்கீட்டு எண் 5 அல்லது 7, டிஎம்ஏ தடம் 1 என்று பயனர்தான் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். அட்டையிலிருந்த சிறு இணைப்பூசியை இடம் மாற்றிச் செருகியவர், மாற்றிய எண்ணைக் கோப்பிலும் எழுதி வைக்க வேண்டும். மறந்தால் விளையாட்டு மௌனப்படம். இந்த நிலையில் மலிவு அட்டை செய்பவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. ‘சவுண்ட் பிளாஸ்டரோடு ஒத்துப்போகும்’ என்று பெட்டியில் அச்சிட்டு, அந்த அட்டையைப் போலவே நடித்தார்கள். அங்கீகரித்த தரநிலை எதுவும் இல்லாத இடத்தில் ஒரு கடையின் சரக்கே தரநிலையாகிவிட்டது. பின்லாந்தின் ஹன்னு சவோலைனன் 1992இல் லினக்ஸுக்கு எழுதிய முதல் ஒலி டிரைவரும் சவுண்ட் பிளாஸ்டருக்கானதுதான். போலிகள் எந்த அளவுக்கு நன்றாக நடித்தனவோ அந்த அளவுக்கு லினக்ஸிலும் பேசின. நடிப்பு பிசகிய இடத்தில் தொண்டை கட்டிக்கொண்டது.

அடுத்து வந்த பிசிஐ அட்டைகள் கொஞ்சம் முன்னேறியவை. தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று இரண்டு எண்களைக் காட்டின. ஆனால் அது ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் மட்டும் சொல்லிவிட்டு, செய்கிற தொழிலைச் சொல்லாமல் நிற்பது போல. ஒவ்வொரு சில்லுக்கும் தனி டிரைவர் எழுதியாக வேண்டும். இங்கேதான் விலைக்கும் வேலை செய்வதற்கும் இடையிலான தலைகீழ் உறவு முதன்முதலில் பளிச்சென்று தெரிந்தது. என்சோனிக்கின் இஎஸ் 1371, சி-மீடியாவின் சிஎம்ஐ 8738 போன்ற மலிவுச் சில்லுகள் எளியவை, ஏராளமாக விற்றவை. வெகு சீக்கிரமே அவற்றுக்குக் கட்டற்ற டிரைவர்கள் வந்துவிட்டன. மெய்நிகர்க் கணினி மென்பொருள்கள் பல ஆண்டுகள் அந்த என்சோனிக் குடும்பத்து அட்டையைத்தான் பாவனை செய்தன. அந்த அளவுக்கு அது எல்லாருக்கும் தெரிந்த முகம். மறுபக்கம் கிரியேட்டிவின் உச்ச விலை வரிசையான எக்ஸ்-ஃபை 2005இல் வெளிவந்தது. அதன் சில்லு சிக்கலானது, விவரங்களும் வெளியில் இல்லை. அந்நிறுவனம் டிரைவரின் மூலநிரலைப் பொது உரிமத்தில் வெளியிட்டது 2008இன் இறுதியில். அது திருத்தப்பட்டு, லினக்ஸின் மையமான கெர்னலின் 2.6.31 பதிப்பில் நுழைந்தபோது 2009. கையில் அதிகக் காசு வைத்திருந்தவர் நான்கு ஆண்டு காத்திருந்தார்.

இதற்கு எதிராக ஒரு சாட்சி உண்டு, அதை மறைக்கக்கூடாது. அதே கிரியேட்டிவின் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையும் அந்நாளில் மலிவு இல்லை. ஆனால் 1999இலேயே அதன் டிரைவர் மூலநிரலை நிறுவனம் திறந்துவிட்டது, லினக்ஸில் அது அருமையாகவும் வேலை செய்தது. போதாததற்கு, அந்தச் சில்லு பல ஒலிகளை வன்பொருளிலேயே கலக்கும். மலிவு அட்டைகளால் அது முடியாது. அந்நாளைய லினக்ஸில் மலிவு அட்டை வைத்திருந்தவர் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தால் வேறொரு நிரல் ஒலியெழுப்ப முடியாமல் வரிசையில் நின்றது. ஆக, விலை கூடினாலே வேலை செய்யாது என்று யாராவது வாதித்தால் அது தவறு. விவரம் வெளியே வந்த அட்டை வேலை செய்தது, வராதது காத்திருந்தது. மலிவு அட்டைக்கு ஒளித்துவைக்க அதிகம் ஒன்றும் இல்லாததால் அது முதல் வகையில் சேர்வதற்கு வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். கலக்கும் வேலையை நாளடைவில் மென்பொருளே எடுத்துக்கொண்டது. செயலி வேகம் கூடியதும், விலையுயர்ந்த சில்லின் அந்த ஒரு மேன்மையும் கரைந்துபோயிற்று.

மடிக்கணினிகள் ஏன் இன்னும் முரண்டு பிடிக்கின்றன என்பது தனிக்கதை. இன்டெல் 1997இல் ஏசி 97 என்றும் 2004இல் ஹெச்டி ஆடியோ என்றும் தரநிலைகள் வகுத்தது. இரண்டாவதில் கட்டுப்படுத்தி எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஆகவே ஒரே டிரைவர் போதும் என்று தோன்றும். வாசல் வரைக்கும் அது சரி. வாசலுக்குள்ளே கோடெக் என்னும் சில்லின் எந்த முனை ஒலிபெருக்கிக்குப் போகிறது, எது ஹெட்போன் துளை, எது மைக் என்பது பலகையைச் செய்தவர் பற்றவைத்தபடி மாறும். அதை ஒவ்வொரு முனைக்கும் உரிய 32 பிட் குறிப்பில், பலகையின் தொடக்க மென்பொருளான பயோஸ் எழுதி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பல தயாரிப்பாளர்கள் அதை ஏனோதானோ என்று எழுதிவிட்டு, சரியான விவரத்தை விண்டோஸ் டிரைவருக்குள் வைத்துவிடுகிறார்கள். விண்டோஸில் ஒலி வருவதால் பயோஸில் இருக்கும் பொய் யாருக்கும் தெரிவதில்லை. லினக்ஸ் அந்தக் குறிப்பை நம்பிப் படிக்கும்போதுதான் குட்டு உடைகிறது. ரியல்டெக் கோடெக்குகளுக்கான லினக்ஸ் டிரைவர் கோப்பு 2022 வாக்கில் பத்தாயிரம் வரிகளைத் தாண்டியிருந்தது. அதில் பெரும்பகுதி, இந்த மாதிரி மடிக்கணினிக்கு இந்த முனையை இப்படிப் பொருள்கொள் என்ற திருத்தங்கள். அண்மைய மடிக்கணினிகளில் இதற்கு மேலும் அடுக்குகள் வந்துவிட்டன. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தனி மிகைப்பிச் சில்லு, மைக்கைக் கவனிக்கத் தனி ஒலிச்செயலி, அந்தச் செயலிக்கு ஏற்றவேண்டிய ஃபெர்ம்வேர். அந்த ஃபெர்ம்வேரையே திறந்த முறையில் எழுத ‘சவுண்ட் ஓப்பன் ஃபெர்ம்வேர்’ என்ற திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது நல்ல காரியம். இருந்தும் அதன் கோப்புப் பொதி நிறுவப்படாமல் போனால் விளைவு பழையபடி டம்மி அவுட்புட்தான்.

யுஎஸ்பி ஒலி அட்டை இந்த வம்பு எதிலும் மாட்டுவதில்லை. 1998இல் வெளியான யுஎஸ்பி ஒலிக்கருவி வகுப்பு வரையறை அட்டையின் தலையில் ஒரு கடமையைச் சுமத்தியது: செருகியவுடன் உன்னைப் பற்றி நீயே சொல். அட்டை ஒரு சிறு பட்டியலை நீட்டுகிறது. என்னிடம் கணினியிலிருந்து ஒலி நுழையும் வாயில் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஒலி, அளவையும் ஊமையாக்கலையும் கவனிக்கும் ஓர் அலகு வழியாகப் போய் ஹெட்போன் என்ற முனையில் முடிகிறது. எதிர்த்திசையில் மைக் ஒன்று உண்டு. இரண்டு தடம், 16 பிட், 44,100 அல்லது 48,000 மாதிரிகள். இவ்வளவும் எல்லாருக்கும் ஒரே எண்குறிகளில். கெர்னல் இதைப் படித்து, அந்த வரைபடத்தின்படி ஒலியளவுத் திருகுகளைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. ஒலி அட்டை எந்த ஊரில் செய்யப்பட்டது, என்ன பெயரில் விற்கிறது என்று அது கேட்பதே இல்லை. பிறகு ஒலி பாயத் தொடங்குகிறது. சாதாரண வேக யுஎஸ்பியில் காலம் ஒரு மில்லிவினாடி நறுக்குகளாக வெட்டப்பட்டிருக்கும். 48,000 மாதிரி வேகத்தில் ஒவ்வொரு நறுக்குக்கும் 48 மாதிரிகள், இரண்டு தடம், ஒன்றுக்கு இரண்டு பைட், ஆக 192 பைட். 44,100 என்றால் ஒரு நறுக்குக்கு 44.1 மாதிரி வருகிறது. பத்தில் ஒரு மாதிரியை வெட்டி அனுப்ப முடியாதே. ஆகவே ஒன்பது நறுக்குகளில் 44, பத்தாவதில் 45. இந்தத் தபாலில் ஏதாவது பொதி தொலைந்தால் மறுபடி அனுப்புவது கிடையாது. தாமதமாக வரும் ஒலியைவிட வராத ஒலி மேல் என்பது அங்கே விதி.

மலிவு ஏன் இங்கே துணையாகிறது என்பது இப்போது தெரியும். சில்லறை விலைக்கு அட்டை விற்பவரால் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் டிரைவர் எழுதும் பொறியாளர்களை வைத்துக் கட்டுப்படியாகாது. குறுந்தகடு ஒன்றைப் பெட்டியில் போடுவதே செலவு. எல்லா இயங்குதளத்திலும் ஏற்கெனவே இருக்கும் பொது டிரைவரின் முதுகில் சவாரி செய்வதுதான் அவருக்கு லாபம். அதற்குப் பொதுமொழி பேசும் சில்லை வாங்கிப் பொருத்த வேண்டும். சி-மீடியாவின் சிஎம் 108 இப்படித்தான் எண்ணற்ற பெயரில்லா அட்டைகளுக்குள் குடியேறியது. விலையுயர்ந்த கருவி செய்பவருக்கோ பொதுமொழி பேசாமலிருக்கத் தூண்டுதல் அதிகம். தனித்தன்மை என்று விற்பதற்கு ஏதாவது வேண்டும், அதைத் தன் டிரைவருக்குள் வைத்துப் பூட்டினால்தான் அது தனித்தன்மை. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான யுஎஸ்பி கருவிகள் பல நாள் இந்தப் பூட்டோடுதான் இருந்தன. அதைத் தளர்த்தியதில் லினக்ஸ் பயனர்களின் மனுக்களைவிட ஐபேடுக்குப் பங்கு அதிகம் என்பது வேடிக்கை. அந்நாளில் ஐபேடில் யாரும் டிரைவர் நிறுவ முடியாது. அதில் தங்கள் கருவி இயங்க வேண்டுமானால் வகுப்பு வரையறைக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டும் என்ற நிலை தயாரிப்பாளர்களுக்கு வந்தது. பூட்டுக்குப் பேர்போன ஒரு கருவி திறமூலக்காரர்களுக்குக் கதவு திறந்துவிட்டது. வரையறையின் இரண்டாம் பதிப்பு 2006இல் வந்தது. லினக்ஸ் கெர்னல் அதை 2010இல் ஏற்றது. விண்டோஸில் அதற்கான உள்ளமைந்த ஆதரவு வந்தது 2017இல். பொதுமொழியை யார் நம்பி வாழ்கிறாரோ அவர்தானே அதை முதலில் கற்பார்.

அப்படியானால் மலிவு அட்டை லினக்ஸில் தகராறு செய்வதே இல்லையா என்று கேட்கலாம். செய்கிறது. அறிமுகம் செய்துகொள்ளத் தெரிந்தவர்கள் எல்லாரும் உண்மை பேசுகிறார்கள் என்று இல்லையே. வரையறைப்படி ஒலியளவின் கீழ் எல்லை, மேல் எல்லை, படி அளவு ஆகியவற்றை அட்டை சொல்ல வேண்டும். சில அட்டைகள் நம்ப முடியாத எண்களைச் சொல்கின்றன. இவ்வளவு பெரிய வீச்சு இருக்க வாய்ப்பில்லை, படி அளவு தவறாக இருக்கலாம் என்று கெர்னல் தன் பதிவேட்டில் எச்சரிக்கையே எழுதி வைக்கும். அதன் விளைவைப் பயனர் வேறு விதமாக உணர்வார்: ஒலியளவுக் கோலைப் பாதி வரை தள்ளியும் சத்தமே இல்லை, அதற்குமேல் ஒரு மயிரிழை நகர்த்தினால் காது கிழிகிறது. இன்னும் சில அட்டைகள் இப்போது என்ன வேகத்தில் ஓடுகிறாய் என்று கேட்டால் பதில் சொல்லாமல் விழிக்கும். இவற்றுக்கெல்லாம் விதிவிலக்குப் பட்டியல் ஒன்று யுஎஸ்பி ஒலி டிரைவருக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கிறது. இது என் வாதத்தைக் குலைக்கவில்லை. ரியல்டெக் பட்டியலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அங்கே திருத்தம் இல்லாவிட்டால் பெரும்பாலும் மௌனம். இங்கே திருத்தம் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒலி வருகிறது, கொஞ்சம் கோணலாக வருகிறது.

உண்மையில் வலுவான மறுப்பு இதைவிட வேறு. கடையில் ஒரே உறை, ஒரே நிறம், ஒரே பெயர் கொண்ட அட்டைக்குள் இந்த மாதம் ஒரு சில்லும் அடுத்த மாதம் வேறொன்றும் இருக்கலாம். நண்பரிடம் வேலை செய்த அட்டையின் இரட்டைப் பிள்ளையை வாங்கி வந்தால் அது யாரோ. பெரிய பெயர்களும் இதற்கு விலக்கல்ல. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் என்ற பெயரில் பின்னாளில் வந்த 24 பிட் பதிப்புக்குள் இருந்தது முற்றிலும் வேறு சில்லு, அதற்கு வேறு டிரைவர். பெட்டியின் மேல் இருக்கும் பெயரை நம்பி வாங்குவதுதான் இதில் தவறு. திறமூல இயங்குதளத்தில் கேட்க வேண்டிய பெயர் சில்லின் பெயர். செருகியபின் ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்று கட்டளையிட்டால் தயாரிப்பாளர் எண் தெரிந்துவிடும். ‘0டி8சி’ என்று தொடங்கினால் அது சி-மீடியா. கடைக்காரர் என்ன சொல்லியிருந்தாலும் அட்டை தன் வாயால் சொல்வது அதுதான்.

அட்டை ஒழுங்காக இருந்தும் ஒலி வராமல் போவது இன்னொரு ரகம், பழி பெரும்பாலும் அநியாயமாக அட்டையின் மேல் விழுவதும் இங்கேதான். லினக்ஸில் ஒலி பல மாடிகள் ஏறி இறங்குகிறது. அந்த மாடிகள் ஒரே காலத்தில் கட்டப்பட்டவை இல்லை. சவோலைனன் தொடங்கியது ஓஎஸ்எஸ் ஆயிற்று. அதன் பிந்தைய பதிப்புகள் வணிகப் பொருளாகிப் போனதும், கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் அட்டைக்கான டிரைவரிலிருந்து யாரோஸ்லாவ் கிசேலா 1998இல் ஆல்சா திட்டத்தை வளர்த்தார். 2002இல் அது கெர்னலுக்குள் வந்தது. அதன் மேல் பல நிரல்களின் ஒலியைக் கலந்து கொடுக்கப் பல்ஸ்ஆடியோ, ஃபெடோரா 8 அதை 2007இல் இயல்பாக்கியது. பிறகு விம் டேமன்ஸின் பைப்வயர், 2021இல் ஃபெடோரா 34 அதற்கு மாறியது. ஒவ்வொரு இடப்பெயர்வின்போதும் சில ஆண்டுகள் ஒலி தடுமாறியது உண்மை. லினக்ஸில் சவுண்ட் வராது என்ற கெட்ட பெயர் அந்த ஆண்டுகளில் ஒட்டியது, இன்னும் முழுக்கக் கழுவப்படவில்லை. ஆகவே நோயைத் தேடுகிறவர் கீழ் மாடியிலிருந்து ஏற வேண்டும். கெர்னலுக்கு அட்டை தெரிகிறதா? ‘ஏப்ளே’ பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா? இருந்தால் ‘அல்சாமிக்சர்’ திரையில் அதன் பட்டைக்குக் கீழே இரண்டு ‘எம்’ எழுத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊமையாக்கியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எம் விசையைத் தட்டினால் வாய் திறக்கும். ஆல்சாவின் தொடக்க காலத்தில் எல்லாத் தடங்களும் ஊமையாகவே விழித்தெழும் என்பதால் எத்தனை நல்ல அட்டைகள் குப்பைக்குப் போயினவோ. அதற்கும் மேல் மாடியில் இன்னொரு பொறி இருக்கிறது. வரைகலை அட்டையின் எச்டிஎம்ஐ துளையும் கணினியின் கணக்கில் ஓர் ஒலி அட்டைதான். இயல்பு வெளியீடு அதன் பக்கம் போய்விட்டால், ஒலிபெருக்கியே இல்லாத மானிட்டருக்கு ஒலி முறையாகப் பாய்ந்துகொண்டிருக்கும். எல்லாம் சரி என்று எல்லா மாடியும் சொல்லும், காதுக்கு மட்டும் ஒன்றும் எட்டாது.

பிஎஸ்டி குடும்பத்தில் மாடிகள் குறைவு. ஃப்ரீபிஎஸ்டி ஓஎஸ்எஸ் இடைமுகத்தை விடாமல் வைத்துக்கொண்டு, கலக்கும் வேலையைக் கெர்னலுக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது. ஓப்பன்பிஎஸ்டிக்குச் சின்டியோ என்ற தன் சிறு சேவகன். இரண்டிலும் அதே யுஎஸ்பி அட்டை அதே வகுப்பு வரையறையின் தயவால் பேசும். ஒலி கேட்கிறது, மைக் மட்டும் வெறும் நிசப்தத்தைப் பதிவு செய்கிறது என்று ஓப்பன்பிஎஸ்டி பயனர் குழம்பினால் காரணம் அட்டையில் இருக்காது. 2018இல் வந்த 6.4 பதிப்பிலிருந்து, பயனர் வெளிப்படையாக அனுமதிக்காத வரை கெர்னல் மைக்கிலிருந்து வெற்று ஒலியைத்தான் கொடுக்கும். ஒட்டுக்கேட்பதற்கு எதிரான பூட்டு அது. அமைப்பில் ஒரு சுழியத்தை ஒன்றாக்கினால் திறந்துகொள்ளும்.

பேசுவது ஒன்று, இனிமையாகப் பேசுவது வேறு அல்லவா என்பவர்களுக்கு ஒப்புக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு. 16 பிட் ஒலிக்கு ஏட்டுக் கணக்கில் 96 டெசிபல் வீச்சு. மலிவு அட்டைகள் பெரும்பாலும் அதை எட்டுவதில்லை. கணினியின் 5 வோல்ட் மின்சாரத்தை வடிகட்டாமல் குடிப்பதால், மவுஸை நகர்த்தும்போது ஹெட்போனில் கீச்சென்று ஓர் ஓசை கேட்பது உண்டு. மைக் ஒற்றைத் தடம். கைப்பேசியின் நான்கு தொடுமுனை ஹெட்செட்டை அதன் பச்சைத் துளையில் செருகினால் காதுக்குப் பாட்டு வரும், மைக் வேலை செய்யாது. சங்கீதக் கச்சேரியைப் பதிவு செய்ய இது கருவி இல்லை. ஆனால் உறையில் அச்சிட்டிருக்கும் ‘7.1’ லினக்ஸில் கிடைக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துளை ஒன்று, தடம் இரண்டு. ஏழு ஒலிபெருக்கிகள் சூழ்ந்திருப்பதாகக் காதை ஏமாற்றும் கணக்கு விண்டோஸுக்கான மென்பொருளில்தான் நடந்தது. அட்டையில் இல்லாததை லினக்ஸ் பறித்துவிடவில்லை. வகுப்பு வரையறையின்படி அட்டை என்ன சொன்னதோ அதைக் காட்டுகிறது. மைக் பக்கத்தில் ஒரு சிறு லாபம்கூட உண்டு. சிஎம் 108 அட்டைகளில் தானியங்கி ஒலிப்பெருக்கம் என்றொரு விசை இருக்கிறது. பேச்சுக்கு நடுவில் நிறுத்தினால் மின்விசிறியின் இரைச்சலைத் தூக்கி நிறுத்துவது அதன் வேலை. அல்சாமிக்சரில் அது வெளிப்படையாகத் தெரியும், ஒரு தட்டில் அணைத்துவிடலாம்.

கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் வேறு திசையிலிருந்து வருவார்கள். சிஎம் 108இன் உள்ளே ஓடுவது யாருக்குத் தெரியும், மூடிய சில்லை வைத்துக்கொண்டு திறமூலம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். சில்லின் உள்ளே திறந்ததில்லை என்பது சரிதான். ஆனால் அதன் எல்லைக்கோடு திறந்திருக்கிறது, அந்த எல்லையைத் தாண்டி இயங்குதளத்துக்குள் எந்த மூடிய நிரலும் வரவேண்டியதில்லை. எல்லை திறந்திருந்தால் போதும், ஆட்கள் அதை எங்கெங்கோ கொண்டுபோய்விடுவார்கள். சிஎம் 108 சில்லில் ஒலிக்குச் சம்பந்தமில்லாத சில பொதுப்பயன் ஊசிகள் உண்டு. அதன் விவரத்தாள் பொதுவில் இருந்ததால் அமெச்சூர் வானொலிக்காரர்கள் அந்த ஊசியில் கம்பி பற்றவைத்து, ஒலிபரப்பியை இயக்கும் பொத்தானாக்கிக்கொண்டார்கள். டயர் உல்ஃப் என்ற கட்டற்ற மென்பொருளில் இதற்கென்றே வசதி இருக்கிறது. விலையுயர்ந்த தனிக்கருவி செய்கிற வேலையை, பாட்டு கேட்கச் செய்த சில்லறை அட்டை செய்கிறது.

ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறு கணினிப் பலகையில் 3.5 மில்லிமீட்டர் ஒலித்துளையை எடுத்துவிட்டார்கள், பை ஜீரோவில் அது என்றுமே இருந்ததில்லை. அந்தப் பலகைகளில் ஹெட்போன் மாட்ட நினைப்பவர்கள் எளிதில் நாடுவது இந்த அட்டையைத்தான். ஆனால் ஒலி வருகிறதா என்ற கேள்வி சிலருக்குப் பொழுதுபோக்கைப் பற்றியதே இல்லை. பார்வையற்றவருக்கு ஒலி வராத கணினி, மற்றவருக்குத் திரை எரியாத கணினி. லினக்ஸில் ஓர்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறது, ஈஸ்பீக் என்ஜி தமிழையும் வாசிக்கும். அவருக்கு ஒலியில் ஒரு நொடித் தாமதம்கூடத் தொல்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒலிச்சில்லு தூங்கப்போய்விட்டு, பேச்சு வந்தபிறகு விழித்தால் சொல்லின் முதல் அசை காணாமல் போகும். அப்போது ‘அழி’ என்பதும் ‘ஒழி’ என்பதும் ஒன்றாகக் கேட்கும். இயங்குதளத்தை நிறுவும்போதோ சிக்கல் இன்னும் பெரிது. ஒலியைச் சரிசெய்யும் திரையைப் படிக்கவே ஒலி வேண்டும். டெபியன் நிறுவியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தொடக்கப் பட்டியல் வந்ததும் ‘எஸ்’ விசையைத் தட்டி என்டர் அடித்தால் நிறுவி பேசத் தொடங்கும். கணினியில் பல ஒலி அட்டைகள் இருந்தால், எந்த அட்டையிலிருந்து குரல் வரவேண்டுமோ அதிலிருந்து கேட்கும் நேரத்தில் என்டரைத் தட்டச் சொல்கிறது. உள்ளேயிருக்கும் சில்லு வாய் திறக்காமல் போகலாம், எச்டிஎம்ஐ வெற்றிடத்தில் பேசிவிட்டுப் போகலாம். செருகிவைத்த அந்தச் சிறு அட்டையின் முறை வரும்போது ஹெட்போனில் குரல் கேட்கிறது, விரல் என்டரைத் தட்டுகிறது.